கோடு விழுந்த ஜோடி

உறையோடுதான் வேண்டும் எனக்கு.
தண்ணீரில் ஊறப்போட்டு உரித்ததை
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
முத்திரையின் தேதி, ஊர்,
அவசரத்தில் கோணலாக ஒட்டிய கை,
எல்லாம் சேர்ந்தால்தான் தபால்தலை.

ஜெகதேவி சாலையில் கிரானைட் பட்டறை.
டைப்பிஸ்ட், கணக்கு, சில நாள் டீயும் நான்தான்.
ஓஹையோவிலிருந்து மாதம் இரண்டு கடிதம்.
கல்லறைக் கல் விற்கிறவர் வெஸ்லி ப்ரூக்னர்;
முதலாளிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது,
'சாவு துரை லெட்டர் வந்துச்சா?' என்பார்.
உள்ளே யார் யாரோ பிறந்த நாள், இறந்த நாள்,
கல்லின் நீள அகலம் அங்குலத்தில்.
வெளியே வரிசையாக ஐந்து குதிரை வண்டிகள்,
சுருளிலிருந்து கிழித்த தலைகள்.

மேலும் கீழும் வழுவழு வெட்டு,
இடமும் வலமும் மட்டும் பல்.
அச்சுக்கோளாறு என்றுதான் நினைத்தேன்,
லாரியிலிருந்து கல் இறங்கும் வரை.
குவாரியில் வரிசையாகத் துளை போட்டு
ஆப்பு இறக்கிப் பிளந்த பக்கத்தில்
பாதிப் பாதியாய்த் துளைகள்.
ரம்பம் ஓடிய பக்கம் கண்ணாடி.
கல்லோ காகிதமோ, ஒரே யோசனைதான்:
எங்கே பிரிய வேண்டுமோ
அங்கே முன்கூட்டியே ஓட்டை போட்டு வை.

பழையபேட்டையில் டயர் ரீட்ரெடிங் கடை கலீமுல்லா,
என்னைவிட ஆறு வயது சின்னவன்,
என்னைவிட நான்கு ஆல்பம் அதிகம்.
'கோடு இருக்கான்னு பாருங்க மேடம்' என்றான்.
உருளையில் தகடுகள் கூடும் இடுக்கில்
மை புகுந்து மெல்லிய கோடு விழுமாம்.
கோட்டுக்கு இந்தப் புறம் ஒன்று, அந்தப் புறம் ஒன்று,
ஒட்டியபடி கிடைத்தால் ஜோடி.
கிழித்துவிட்டால் இரண்டும் சில்லறை.

மூன்று வருடம்.
உறை வந்ததும் லென்ஸ், பிறகுதான் ஆர்டர்.
முதலாளி திட்டியது கணக்கில் இல்லை.

கோடு வந்த உறையில்
அவருடைய சொந்த ஆர்டர் வந்தது.
இரட்டைக் கல். இடப்பக்கம் எட்னா,
இரண்டு தேதிகளும்.
வலப்பக்கம் வெஸ்லி, பிறந்த தேதி மட்டும்.
'மற்றதைக் காலியாக விடவும்' என்று
அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.
நான் அந்த வரியைப் படித்தது
லென்ஸை மூடி வைத்த பிறகு.

மாரப்பனுக்கு இங்கிலீஷ் எழுத்து வெறும் படம்.
காலியிடம் கண்ணை உறுத்தியிருக்கிறது.
பக்கத்துத் தாளிலிருந்து ஒரு தேதியை எடுத்து
அழகாக, ஆழமாக, நிரப்பிவிட்டான்.
மார்ச் ஒன்பது.
மினுமினுக்கும் கல்லில்
மனுஷன் செத்து பதினெட்டு நாள்.
என் கையிலிருக்கும் உறையில்
மார்ச் இருபத்தேழு முத்திரை.

புதுக் கல் அறுத்து அனுப்பினோம்.
பழையது குழாயடியில் துணி துவைக்கப் போயிற்று.
பாலிஷ் பண்ணிய கல், சோப்பு வழுக்கும்;
கங்கம்மா எழுத்திருக்கும் பக்கத்தை மேலே திருப்பிப் போட்டாள்,
அழுக்கு நன்றாகப் போகிறதாம்.
எட்னாவில் சேலை, வெஸ்லியில் வேட்டி.

அதற்குப் பிறகு லென்ஸுக்கு முன்னால்
முத்திரையைத்தான் பார்த்தேன்.
ஜூன். ஆகஸ்ட். மழைக்கறையோடு ஒரு நவம்பர்.
சரி, இருக்கிறார்.

கலீமுல்லா இரண்டாயிரம் தருகிறேன் என்றான்.
ஸ்கூட்டருக்கு முன்பணம் ஆகும்.
'தலை மட்டும் போதும், வெட்டிக் கொடுங்க.'
கத்தரிக்கோல் மேஜையில்தான் இருந்தது.
கோபமாக ஏதோ சொன்னேன், இப்போது நினைவில்லை.
இரண்டு மாதம் அவன் பேசவில்லை.

தொண்ணூற்று நான்கில் ஒரு உறை.
வண்டிகள் இல்லை.
மிஷின் அடித்த சிவப்பு முத்திரை, தொகை, தேதி.
கையெழுத்து வேறு யாரோ.
இனி இந்தப் பெயருக்கு எழுதவும், அவ்வளவுதான்.
ஏனென்று கேட்டு ஒரு பதில் டைப் அடித்தேன்.
முதலாளி கையெழுத்துப் போடவில்லை.

அந்தக் காலி வரியை
அங்கேயே யாராவது செதுக்கியிருக்கலாம்.
எங்களுக்கு ஆர்டர் வரவில்லை.